ரசீதில் 80ஜி எண் இருந்தால் இல்லத்தை நம்பலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மாதாமாதம் ஒரு குழந்தைகள் இல்லத்தின் பெயரில் ரசீது புத்தகத்தோடு ஒருவர் வீட்டுக்கு வருகிறார். ரசீதில் ‘அரசு பதிவு பெற்றது, 80ஜி வரிச்சலுகை உண்டு’ என்று அச்சிட்டிருக்கிறது. மறைந்த என் மனைவியின் நினைவு நாளை ஒட்டி 25,000 ரூபாய் கொடுக்க நினைக்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனும் தன் பங்காகக் கொஞ்சம் அனுப்புகிறேன் என்கிறான். எனக்கு வரி ரிட்டர்ன் போட்டுத் தரும் தம்பியோ, “ஐயா, 25,000 கொடுங்கள், ஒரு லட்சத்துக்கே ரசீது வாங்கித் தருகிறேன்” என்கிறார். அந்த இல்லத்தை நம்பலாமா? பதிவு பெற்றது என்றால் அரசு கண்காணிக்கிறது என்றுதானே பொருள்? – திருச்சி வாசகர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற குழப்பங்களுக்கெல்லாம் வேர் அதுதான். இல்லை ஐயா, பதிவு இருப்பதால் யாரோ கண்காணிக்கிறார்கள் என்று ஆகிவிடாது.

தமிழ்நாட்டில் அறக்கட்டளை தொடங்க விரும்புகிறவர் ஒரு பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிகிறார். முத்திரைத் தீர்வை சரியா, எழுதிக் கொடுப்பவரும் சாட்சிகளும் நேரில் வந்திருக்கிறார்களா, அடையாள அட்டை இருக்கிறதா என்று சார்பதிவாளர் பார்ப்பார். அந்த முகவரியில் இல்லம் இருக்கிறதா, குழந்தைகள் சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. பதிந்த பிறகு ஆண்டுக் கணக்கை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதும் இல்லை. மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறக்கட்டளைகளுக்கென்றே ஓர் ஆணையர் இருக்கிறார். பொது அறக்கட்டளைகள் அவரிடம் பதிந்து, கணக்குக் காட்டியாக வேண்டும். நம் மாநிலத்தில் இந்து சமய நிறுவனங்களுக்கு அறநிலையத்துறை உண்டு. சாதாரண ஒரு குழந்தைகள் இல்லத்தையோ இலவச மருத்துவமனையையோ நடத்தும் அறக்கட்டளையைக் கேள்வி கேட்க அப்படி ஓர் ஆள் கிடையாது. இத்தனை ஆண்டுகளில் எந்த அரசும் இதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது இன்னொன்று. அசையாச் சொத்து எதுவும் சேர்க்கப்படாத அறக்கட்டளைப் பத்திரம் பதிவு அலுவலகத்தில் நான்காம் புத்தகம் என்ற பதிவேட்டில் ஏறும். பக்கத்து வீட்டு மனையின் கிரயப் பத்திர நகலைக் கட்டணம் கட்டி நீங்கள் வாங்கலாம். அது முதல் புத்தகம், யாரும் பார்க்கலாம். நான்காம் புத்தக நகலோ பத்திரத்தில் சம்பந்தப்பட்டவருக்கு மட்டும்தான். ஊரெல்லாம் உண்டியல் குலுக்குகிற அறக்கட்டளையின் பத்திரத்தை, காசு போடுகிற ஊர் பார்க்க முடியாது! 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இருக்கிற இந்த ஏற்பாட்டை மாற்றினால் பாதி ஏமாற்று தானாகவே குறையும். எனவே பத்திரத்தின் நகலை இல்லத்திடமே கேளுங்கள். தரத் தயங்கினால் உங்கள் 25,000 உங்களிடமே இருக்கட்டும்.

அறக்கட்டளையாக இல்லாமல் சங்கமாகப் பதிந்திருந்தால் நிலைமை கொஞ்சம் தேவலாம். 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

சரி, 80ஜி எண்? அதை வருமான வரித்துறை கொடுக்கிறது. கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. புதிதாகத் தொடங்கும் அறக்கட்டளைக்கு மூன்று ஆண்டுக்குத் தற்காலிக அனுமதி கிடைக்கும். அதற்குக் காகிதங்கள் போதும், நேரில் வந்து விசாரிப்பது கிடையாது. ஒரு குழந்தைகூடச் சேராத இல்லத்துக்கும் 80ஜி எண் இருக்கலாம், அது சட்டப்படி சரியும்கூட. மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பு தரும் தர்ப்பண் எண்ணும் அப்படித்தான். தொண்டு நிறுவனங்கள் தாங்களே விவரம் ஏற்றும் தளம் அது. தரச் சான்று அல்ல. இந்த இரண்டு எண்களையும் தலைமைச் செயலக முத்திரை போல ரசீதில் பெரிதாக அச்சிட்டு வசூல் செய்கிறார்கள்.

இருந்தாலும் அந்த ரசீதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். 2021க்குப் பிறகு எல்லா அறக்கட்டளைகளும் 80ஜிக்காக வருமான வரித்துறையிடம் புதிதாகப் பதிந்து புது எண் வாங்கியாக வேண்டும். அந்த எண்ணின் முதல் பத்து எழுத்துகள் அறக்கட்டளையின் பான் எண்ணேதான். ரசீதில் 2008, 2010 என்று பழைய ஆணைத் தேதி மட்டும் இருந்தால் அது செல்லாத காகிதம். அடுத்து பான் எண்ணின் நான்காவது எழுத்து. அறக்கட்டளைக்கு அது ‘டி’ என்று இருக்கும். அங்கே ‘பி’ இருந்தால் அது தனி நபரின் பான். பணம் யாருடைய வீட்டுக்குப் போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. 80ஜி அனுமதி ஆணையின் நகலையும் கேளுங்கள். எந்த ஆண்டு வரை செல்லும், தற்காலிகமா முழு அனுமதியா என்பதெல்லாம் அதில் இருக்கும். (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. எல்லோரும் 80ஜி என்றே சொல்லிக்கொண்டிருப்பதால் நானும் பழைய எண்களிலேயே பேசுகிறேன்.)

உங்கள் விஷயத்தில் இவற்றையெல்லாம்விட முக்கியமான காகிதம் ஒன்று உண்டு. ஆதரவற்ற குழந்தைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் பதிந்திருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பதியாமல் நடத்தினால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இல்லத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தால் பதிவு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். 80ஜி எண்ணைத் தலைகீழாகச் சொல்லும் வசூல்காரரிடம் “41ஆம் பிரிவுச் சான்றிதழ் இருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அவர் கையில் குழந்தைகளின் படம் ஒட்டிய ஆல்பம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி படத்தையோ பெயரையோ வெளியிடுவது அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். பெயரும் ஊரும் போட்டு, அப்பா இறந்த கதையை எழுதி, அழுகிற முகத்தை அச்சடித்து வீடு வீடாகக் காட்டுகிறவர்களை நாம் கருணையோடு பார்க்கிறோம். அந்தப் பிள்ளைக்கு நாளைக்குப் பள்ளியில் என்ன பெயர் கிடைக்கும் என்று யோசிப்பதில்லை.

இப்போது அந்த ரசீது புத்தகக்காரரைப் பற்றி. பலரும் அவரை இல்லத்தின் ஊழியர் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவர் கமிஷன் ஆள். வசூலில் இத்தனை பங்கு என்று பேசிக்கொண்டு வருகிறார். நான் கணக்குப் பார்த்த ஒரு இடத்தில் வசூலில் ஏறக்குறைய பாதி ‘வசூல் செலவு’ என்ற தலைப்பில் போயிருந்தது. கேட்டதற்கு, “அவர்கள் இல்லாவிட்டால் அந்த மீதியும் வராதே சார்” என்றார் நிர்வாகி. அவர் சொன்னது உண்மைதான், அதுதான் வேதனை. நம் ஆட்கள் தேடிப்போய்க் கொடுப்பதில்லை. கதவைத் தட்டினால் கொடுக்கிறார்கள். கொடுத்ததற்குக் கணக்குக் கேட்பது புண்ணியத்தைக் குறைக்கும் என்று வேறு நம்புகிறார்கள். இன்னொரு கூட்டம், ட்ரஸ்ட் என்றாலே கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் இடம் என்று ஒரே வரியில் முடித்துவிடும். இந்த இரண்டு மனநிலையும் மோசடிக்காரருக்கு வசதி. அடிபடுகிறவர்கள், வசூலுக்கு ஆள் வைக்காமல் அரிசிக்கும் மருந்துக்கும் கணக்கு எழுதி, ஆடிட் செய்து, அமைதியாக நடத்துகிறவர்கள். அப்படிப்பட்ட இல்லங்கள் திருச்சிப் பக்கமும் இருக்கின்றன.

ஆகவே வாசலில் கொடுக்காதீர்கள். ஒரு சாதாரண நாளில், மதியச் சாப்பாட்டு வேளைக்கு, சொல்லாமல் இல்லத்துக்குப் போய்ப் பாருங்கள். தீபாவளியன்று எல்லா இல்லத்திலும் இனிப்பு குவிந்து கிடக்கும். செவ்வாய்க்கிழமை சாம்பார் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. வெளியாள் எவரையும் அனுமதி இல்லாமல் குழந்தைகள் இருக்கும் அறைக்குள் விடமாட்டார்கள். விட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து கடந்த ஆண்டின் ஆடிட் அறிக்கையைக் கேளுங்கள். வரவுக்கும் செலவுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கும். அதில் உணவு, படிப்பு, மருத்துவம், சம்பளம் ஆகிய நான்கையும் பார்த்தால் போதும். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியருக்குப் பதிவேடு பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பணத்தை அறக்கட்டளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கொடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி சலுகை கிடையாது. அரிசி மூட்டை, துணிமணிக்கும் கிடையாது. யூபிஐ க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்யும்போது திரையில் வரும் பெயரைப் படியுங்கள். தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். நிதியாண்டு முடிந்து மே 31க்குள் அறக்கட்டளை உங்கள் பான் எண்ணோடு நன்கொடை விவரத்தை வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்து, 10பிஇ என்ற சான்றிதழைத் தர வேண்டும். சலுகை கேட்க அச்சடித்த ரசீது போதாது. இந்தச் சான்றிதழும் அதில் உள்ள எண்ணும் வேண்டும்.

அதற்கும் முன்னால், நீங்கள் எந்த முறையில் வரி கட்டுகிறீர்கள்? புதிய வரிமுறை என்றால் 80ஜி சலுகையே கிடையாது. நீங்களாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்போது புதிய முறைதான் பொருந்தும். பழைய முறையில், 20 சதவீத வரம்பில் இருந்தால், 25,000 ரூபாய் நன்கொடையில் பாதி, அதாவது 12,500 ரூபாய் வருமானத்தில் கழியும். வரியில் மிச்சம், செஸ் என்னும் கூடுதல் வரியும் சேர்த்து, 2,600 ரூபாய். வரிச்சலுகை என்ற சொல்லைக் கேட்டு முழுத் தொகையும் திரும்பி வரும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருப்பதால் கணக்காகவே சொல்லிவிட்டேன்.

இனி உங்கள் ரிட்டர்ன் தம்பி. உங்கள் வரிக் கணக்கின் பாஸ்வேர்ட் அவரிடம் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அவர் சொல்லும் வழியில் 25,000 கொடுத்து ஒரு லட்சத்துக்குச் சலுகை கேட்டால், கூடுதலாக மிச்சமாவது அதிகபட்சம் 7,800 ரூபாய். பிடிபட்டால் அந்த வரியும் வட்டியும் கட்டி, தவறான தகவல் கொடுத்ததற்காக வரியைப் போல இரண்டு மடங்கு, 15,600 ரூபாய் வரை, அபராதமும் கட்ட வேண்டும். “ஒரு லட்சத்தையும் பேங்க்கிலேயே அனுப்புங்கள், கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம், யாருக்கும் தெரியாது” என்று அடுத்து சொல்வார். தெரியும். இப்படிப் போலிச் சலுகை எழுதித் தந்த இடைத்தரகர்களைக் குறிவைத்து 2025 ஜூலையில் வருமான வரித்துறை தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தரகரின் கணினியில் வாடிக்கையாளர் பட்டியல் அப்படியே இருக்கும். நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். தம்பியின் செல்போன் அன்றைக்கு அணைந்திருக்கும். ஆடிட்டர் பட்டம் இல்லாமல், எந்தப் பொறுப்பிலும் கையெழுத்துப் போடாமல், ரீஃபண்டில் பங்கு கேட்கும் இந்த ஆட்களால் மாதச் சம்பளக்காரர்களும் பென்ஷன்காரர்களும் படும் பாட்டை வாரந்தோறும் பார்க்கிறேன்.

மகன் விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். இங்கே தவறு செய்தால் மாட்டிக்கொள்வது அந்த இல்லம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மகன் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சிங்கப்பூரில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும், நிரந்தர வசிப்புரிமை வாங்கியிருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லம் அதைக் கோப்பில் வைத்துக்கொள்ளும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டவர். இந்தியாவில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே அதை வாங்கலாம். அந்தப் பணமும் புதுடெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். “அப்பா கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், அவர் கொடுத்த மாதிரி காட்டிக்கொள்ளலாம்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். இன்னொருவர் கை மாறி வந்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான் என்று சட்டத்தில் விளக்கமாகவே எழுதியிருக்கிறது. நல்ல இல்லம் ஒன்று இந்த மாதிரி ஒரு சின்னத் தொகையால் நடவடிக்கைக்கு ஆளாக வேண்டாம்.

விசாரித்ததில் இல்லம் போலி என்று தெரிந்தால் சும்மா விட்டுவிடாதீர்கள். பதிவில்லாத இல்லம் என்றால் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. போலி 80ஜி ரசீதைப் பற்றி வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் தளத்தில் வரி ஏய்ப்புப் புகாராகப் பதியலாம். இல்லம் உண்மையானது, ஆனால் நிர்வாகிகள் பணத்தைச் சுரண்டுகிறார்கள் என்றால் காவல் நிலையத்தில் பெரும்பாலும் “இது சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவு இருக்கிறது. அந்த அறக்கட்டளையில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, நிர்வாகிகளை நீக்கவும் கணக்குக் கேட்கவும் வழக்குப் போடலாம். உங்கள் தெருவில் அதே ரசீதை வாங்கிய இன்னொருவர் நிச்சயம் இருப்பார். கொடுத்த ரசீதுகளை இரண்டு பேரும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.