வாசகர் கேள்வி – பதில்: விமானப் பராமரிப்பில் பழகுநராகச் சேருவது

கேள்வி: என் மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான். கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல தேர்ச்சி. சிறு வயது முதலே பக்கத்து மோட்டார் சைக்கிள் பட்டறையில்தான் அவன் பொழுது கழியும். இப்போது விமான மெக்கானிக் ஆவேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். ஒரு தனியார் கல்லூரியில், டிப்ளோமா முடித்தவுடன் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். என் தம்பியோ, நிறுவனமே உதவித்தொகை கொடுத்து வேலை பழக்கும் அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறான். என் கணவர் லாரி ஓட்டுநர். கடன் வாங்கிக் கல்லூரியில் சேர்ப்பதா, பயிற்சிக்குக் காத்திருப்பதா?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: சகோதரி, பயிற்சியில் இடம் கிடைக்குமானால் அதையே ஏற்கச் சொல்வேன். ஆனால், கல்லூரியில் உங்களிடம் சொன்ன வார்த்தையை முதலில் திருத்திவிட வேண்டும். டிப்ளோமா வேறு, உரிமம் வேறு. உரிமத்தை வழங்குவது சி.ஏ.ஏ.எம். எனப்படும் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். 2018-க்கு முன் அதே பணியை அரசாங்கத் துறை ஒன்று செய்துவந்தது. எந்தக் கல்லூரியாலும் அதைத் தர இயலாது.

நம் நாட்டு விதிகள் ஐரோப்பிய முறையை ஒட்டியவை. அந்த முறையில் 'ஏ' பிரிவு உரிமம் பெற்றவர், எளிய பராமரிப்பு வேலைகளில் தாம் செய்ததற்கு மட்டும், வேலை சரியாக முடிந்தது, விமானம் பறக்கலாம் என்று சான்றளித்துக் கையெழுத்திடலாம். 'பி1' என்பது விமானத்தின் உடற்பகுதி, இயந்திரம், மின்சார அமைப்புகள் ஆகியவற்றுக்கும், 'பி2' என்பது ஏவியோனிக்ஸ் எனப்படும் மின்னணுக் கருவிகளுக்கும் உரியவை. பாடங்கள் தனித்தனித் தேர்வுகளாக நடக்கும். ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. தேர்வு முடிந்தாலும், இயங்கும் விமானங்களில் வேலை செய்த அனுபவம் இல்லாமல் உரிமம் கிடையாது. பெரிய விமானங்களுக்கான பி1 உரிமத்துக்கு, முன்பயிற்சி எதுவும் இல்லாதவருக்கு 5 ஆண்டு அனுபவம் தேவை. தகுந்த தொழில்திறன் பயிற்சி பெற்றவருக்கு அது 3 ஆண்டாகவும், 'பார்ட் 147' எனப்படும் பயிற்சி நிலையங்களுக்கான விதியின்கீழ் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் முழு அடிப்படைப் பாடத்தையும் முடித்தவருக்கு 2 ஆண்டாகவும் குறையும். உரிமம் வந்த பிறகும், போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற ஒவ்வொரு விமான வகைக்கும் தனிப் பயிற்சி முடித்து, அதை உரிமத்தில் பதிந்துகொண்டால்தான் அந்த விமானத்துக்குக் கையெழுத்திட முடியும்.

ஆகவே அந்தக் கல்லூரியில் நீங்கள் கேட்க வேண்டியது, அவர்களுக்கு 'பார்ட் 147' அங்கீகாரம் இருக்கிறதா, இருந்தால் எந்தப் பிரிவுக்கு என்பதைத்தான். அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள். அங்கீகாரம் உள்ள கல்லூரி நல்ல வழியே, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் படிப்பு முடிந்த பின், விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கூடமான ஹேங்கரில் இடம் தேடி அலையும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பழகுநருக்கோ முதல் நாளே ஹேங்கர் கிடைத்துவிடுகிறது. அனுபவம் அன்றிலிருந்தே சேரத் தொடங்குகிறது.

நானும் சுபாங்கில் பழகுநராகத் தொடங்கியவன்தான். முதல் மாதம் முழுவதும் விமானத்தைத் தொடவிடவில்லை. ஒரு பலகையில் பொருத்திய போல்ட்டுகளுக்குப் பாதுகாப்புக் கம்பி கட்டுவதே வேலை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள எஃகுக் கம்பியை இரண்டு போல்ட்டுகளின் தலைத்துளைகளில் கோத்துச் சீராக முறுக்க வேண்டும். ஒரு போல்ட் தளர முயன்றால் கம்பி மற்றதை இறுக்கும் திசையில் இழுக்க வேண்டும். திசை மாறினால் கட்டியும் பயனில்லை. எங்கள் மேற்பார்வையாளர் ஒரு சொல்லும் சொல்லாமல் கட்டரால் வெட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். மூன்றாவது வாரத்தில்தான் என் கம்பி ஒன்று வெட்டுப்படாமல் நின்றது.

உங்கள் மகனுக்குப் பட்டறைப் பழக்கம் இருப்பது நல்லதுதான். ஆனால் ஒன்றை அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் சத்தம் கேட்டே பழுதைக் கண்டுபிடித்து, கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போட்டு முடுக்கிவிடலாம். விமானத்தில் அதற்கு இடமில்லை. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட ஒரு பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. அவர் உயிர் பிழைத்தது பெரும் பேறு. அந்தக் கண்ணாடியை மாற்றிப் பொருத்தியவர் அனுபவசாலி. உதிரிபாகப் பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருந்தார். பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 உரிய விட்டத்தைவிடச் சிறியவை. மீதி ஆறு நீளம் குறைந்தவை. கைத்திறனில் சிறந்த பிள்ளைகள் பலர் இத்தொழிலில் பின்தங்குவதற்கு, ஆங்கிலக் கையேட்டை ஒவ்வொரு முறையும் திறந்து வாசிக்க அலுத்துக்கொள்வதே காரணம் என்பது என் கணிப்பு. காத்திருக்கும் மாதங்களில் அவன் ஆங்கில வாசிப்பைப் பலப்படுத்திக்கொள்ளட்டும்.

பயிற்சியில் சேர்ந்ததும் அனுபவப் பதிவேட்டை அவன் உயிராகப் போற்ற வேண்டும். செய்த வேலை, விமானத்தின் பதிவு எண், தேதி, மேற்பார்வையிட்டவரின் கையொப்பம் ஆகிய அனைத்தையும் அன்றன்றே எழுதி வாங்கிவிட வேண்டும். நான் ஏழு மாத வேலைக்குக் கையொப்பம் வாங்குவதைத் தள்ளிப்போட்டேன். அதற்குள் மேற்பார்வையாளர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார். அந்த ஏழு மாதமும் கணக்கில் சேரவே இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பயிற்சிக்குப் பின் எத்தனை ஆண்டு கட்டாயமாகப் பணிபுரிய வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், தேர்வுக் கட்டணம் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரிய பராமரிப்பு ஹேங்கர்கள் சுபாங்கிலும் சிப்பாங்கிலும் இருப்பதால், செந்தூலிலிருந்து அவன் வீட்டிலிருந்தே போய்வரவும் வாய்ப்புண்டு. இரவுப் பணி இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அக்காள் மகனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்தறிய முடியவில்லை. அவன் இத்துறைக்கு விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கட்டணம் எதையும் கட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் முழுமையான நிறப்பார்வைச் சோதனை செய்துகொள்ளட்டும். பணியில் சேர்க்கும்போது இச்சோதனை நடத்துவது வழக்கம். குறைபாட்டின் அளவைப் பொறுத்தே முடிவு அமையும். மருத்துவரின் அறிக்கையோடு நிறுவனத்திடமே நேரில் கேட்டு, அவர்கள் பதிலை எழுத்தில் பெற்ற பிறகு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மறைத்துச் சேர்வது மட்டும் வேண்டாம்.