பிரான்ஸ் கிராமப்புற கிராவல் பாதைகள்: மண்ணைக் கேட்டு வழியைத் தேர்ந்தெடுப்போம் (கேள்வி–பதில்)

கேள்வி: முதல் தடவையாக பிரான்ஸில் கிராவல் சைக்கிள், அதாவது மண், சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள், ஓட்டப் போகிறேன். கையில் 5 நாள். தெற்கு பிரான்ஸின் துலூஸ் நகரிலிருந்து கனால் டு மிடி என்ற கால்வாய்க் கரையோடு கடல் வரை போக எண்ணம். சமதளம்தானே, சிரமம் இருக்காது இல்லையா?

ஏற்றம் கிடையாது, அது சரி. மொத்தம் 240 கி.மீ. வழியிலேயே உயரமான இடமான நோரூஸ் நீர்பிரிமேடு 189 மீட்டர்தான். துலூஸை விட்டு முதல் 50 கி.மீ. போலத் தார். ஓட் மாவட்டத்துக்குள் நுழைந்தால் பெரும்பாலும் மண். 1666-க்கும் 1681-க்கும் இடையில் வெட்டிய கால்வாயின் பழைய இழுவைப் பாதை அது. சில துண்டுகளைச் சீரமைத்திருக்கிறார்கள், மற்றவை புல் நடுவே ஒற்றையடித் தடம். அங்கே மணிக்கட்டைப் பதம் பார்ப்பவை பிளேன் மர வேர்கள். துலூஸின் தாரை நம்பி 28 மி.மீ. டயரோடு வராதீர்கள்; 40 மி.மீ. வேண்டும்.

நிழலையும் நம்ப வேண்டாம். 2006-ல் கால்வாய்க் கரையில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான பிளேன் மரங்களை வெட்டிவிட்டார்கள். புதுக் கன்றுகள் நிழல் தரக் காலமாகும். ஜூலை, ஆகஸ்டில் மதியம் 12 முதல் 4 வரை நிறுத்திவிடுங்கள்.

துலூஸிலிருந்து கடலை நோக்கிப் போவதே நல்லது. ஓட் பகுதியில் அடிக்கடி வீசும் செர்ஸ் காற்று மேற்கிலிருந்து முதுகைத் தள்ளும். ஆனால் தென்கிழக்கிலிருந்து ஓத்தான் காற்று வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் ரயிலேறிக் கடற்கரைக்குப் போய் அங்கிருந்து தொடங்குங்கள். சமதளத்தில் எதிர்காற்று என்பது முடியாத ஏற்றம்.

கேள்வி: தெற்கு பிரான்ஸின் மலைப்பகுதிகளான செவென், லொசேர் பக்கம் ஒரு வாரம். வழியை எதை வைத்து முடிவு செய்வது? செயலி காட்டும் தூரமும் ஏற்றமும் போதாதா?

போதாது. முதலில் அடியில் என்ன கல் என்று பாருங்கள். டயர், பிரேக், தண்ணீர், மழைக்குப் பிறகு போகலாமா என்பதெல்லாம் அதில் அடங்கிவிடும். நீங்கள் போகும் பகுதியில் ஒரே நாளில் இரண்டு உலகம் வரும்.

மோன் லொசேர் மலை கருங்கல். கல் சிதைந்து பாதையெல்லாம் கரடுமுரடான மணல். கெட்டியாக இருக்கும் இடத்தில் அருமையாக உருளும். வளைவில் குவிந்து கிடந்தால் முன்சக்கரம் புதையும். அங்கே முன்பிரேக்கைத் தொடாமல், எடையைப் பின்னால் வைத்து, கைப்பிடியைத் தளர விடுங்கள். ஈர மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் பிரேக் பேடை அரைத்துத் தள்ளும். ரெசின் பேடை விட உலோகப் பேட் தாங்கும். எதுவானாலும் ஒரு ஜோடி உபரி கட்டாயம்.

ஃப்ளோராக் ஊரிலிருந்து மேற்கே ஏறினால் கோஸ் மெஜான், சுமார் 1000 மீட்டரில் பரந்த சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். மழைநீரைப் பாறை உடனே உறிஞ்சிவிடுவதால் பலத்த மழைக்கு மறுநாளே ஓட்டலாம். அதே காரணத்தால் மேலே ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை. ஆட்டுக்காகக் கட்டிய வட்டக் குட்டைகள் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஏறுவதற்கு முன் கீழேயே ஆளுக்கு 3 லிட்டர் நிரப்புங்கள். கல் கூர்மையானது, டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும்.

துலூஸுக்குக் கிழக்கே லோரகே களிமண் வயல்கள் இதற்கு நேர்மாறு. காய்ந்தால் தார்போல இருக்கும். நனைந்தால் 200 மீட்டரில் சக்கரம் நின்றுவிடும். அப்போது பெடலை அழுத்தினால் மண்ணோடு புல்லும் சேர்ந்து கியர் மாற்றும் டீரெய்லரை இழுக்கும், அதைச் சட்டகத்தோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டான ஹேங்கர் முறியும். இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கெட்டித் தரைக்குப் போய்க் குச்சியால் சுரண்டுங்கள். ஹேங்கர் சட்டகத்துக்குச் சட்டகம் மாறும், சிற்றூர்க் கடையில் கிடைக்காது. உங்களுடையதற்கு ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷாம்பாஞ் வெள்ளைப் பாதைகள்? டூர் து பிரான்ஸில் பார்த்தேன்.

2024-ல் த்ருவா நகரைச் சுற்றிய 9-ஆம் கட்டம்; 14 துண்டுகள், மொத்தம் 32 கி.மீ. காய்ந்த நாளில் தூசிதான் தொல்லை. ஈரச் சுண்ணாம்பு சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்ததும் சங்கிலியில் சிமென்ட்போல இறுகும். அன்றிரவே கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

கேள்வி: 45 மி.மீ. டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாத டயர். என் எடை 75 கிலோ, சாமான் 10 கிலோ. காற்று எவ்வளவு?

காற்றழுத்த அளவில் முன்னே 2.0 பார் (bar), பின்னே 2.2 பார் வைத்துத் தொடங்குங்கள். மணலில் இரண்டிலும் 0.2 குறைக்கலாம். கோஸ் மெஜானின் கல்லில் குறைக்காதீர்கள், ரிம் அடிபடும். துளையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவமான சீலன்ட் சக்கரத்துக்கு 60 மி.லி., புறப்படும் வாரத்தில் புதிதாக ஊற்றியது.

கேள்வி: பக்கச்சுவர் கிழிந்தால் சீலன்ட் அடைக்குமா?

சிறு துளையை அடைக்கும். 5–6 மி.மீ. தாண்டினால் பீச்சியடித்து வீணாகும். முதலில் ரப்பர் பிளக் திணித்துப் பாருங்கள். பக்கச்சுவர் மெலிது, அதனால் பிளக் பலமுறை நழுவும். பிறகு டியூப்தான். இங்கே பலர் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள்: இவ்வளவு நாள் சீலன்ட் அடைத்து வைத்திருந்த முட்களெல்லாம் உள்ளே குத்திக்கொண்டே இருக்கும். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி ஒவ்வொன்றாகப் பிடுங்காமல் டியூப் போட்டால் 10 நிமிடத்தில் மறுபடி பஞ்சர். கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து, டியூப்லெஸ் வால்வைக் கழற்றி, டியூபை மாட்டிக் குறைந்த காற்றில் ஒருமுறை பாருங்கள். கிழிசல் வழியே டியூப் பிதுங்கவில்லை என்றால் முழுக்க அடியுங்கள்.

கேள்வி: முன்னே 40 பல், பின்னே 11–42. லொசேருக்குப் போதுமா, அண்ணா?

சாமான் இல்லாமல் போதும். சாமானோடு போதாது, கணக்கைப் பாருங்கள். உங்கள் கடைசி கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு சுமார் 7.5 கி.மீ. ஆள், சைக்கிள், சாமான் சேர்த்து மொத்தம் 95 கிலோவை 10 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தில் தள்ள 220 வாட்டுக்கு மேல் வேண்டும். முன்பல்லை 32 ஆக்கினால் அதே 60 சுற்றில் 6 கி.மீ., சுமார் 180 வாட். ஒரு மணி நேர ஏற்றத்தில் அந்த 40 வாட்தான் முழங்காலைக் காக்கும். 32 பல் உங்கள் கிராங்கில் பொருந்தாவிட்டால் 36-க்காவது இறங்குங்கள். சங்கிலி நீளத்தையும் சரிபாருங்கள்.

கேள்வி: வரைபடத்தில் பாதை இருக்கிறது, அங்கே போனால் தனியார் இடம் என்று பலகை. என்ன செய்வது தம்பி?

திரும்பிவிடுங்கள், ஐயா. வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே நமக்கு உரிமை வந்துவிடாது. ஊருக்குச் சொந்தமான கிராமப் பாதை, அதாவது ஷெமான் ரூரால், எல்லோருக்கும் பொது. பக்கத்து வயல்காரர்கள் தங்கள் வேலைக்காக வைத்திருக்கும் பாதையை அவர்கள் மூடலாம். 2023 பிப்ரவரிச் சட்டத்துக்குப் பிறகு, பலகை வைத்துத் தடுத்த தனியார் காட்டிலோ வயல்வெளியிலோ நுழைந்தால் 135 யூரோ அபராதம் வரலாம்.

சிவப்பு–வெள்ளைக் கோடுகள் நடப்பவர்களுக்கான நெடும்பாதைகளைக் குறிக்கும்; படிக்கட்டும் பாறையும் வரும், பாதி தூரம் தள்ள வேண்டியிருக்கும். சைக்கிளுக்கான அடையாளம் ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும். அரசு வரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 வரைபடத்தையும் வான்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வான்படத்தில் இரண்டு சக்கரத் தடம் தெரிந்தால் டிராக்டர் போகிற பாதை. நமக்கும் பெரும்பாலும் ஆகும். மரத்துக்கு அடியில் கோடு மறைந்தால் மாற்று வழியும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழந்தைகளோடு போக மண்பாதை ஏதாவது?

பழைய ரயில் தடங்கள்தான். மசாமேயிலிருந்து பெதாரியூ வரை பாசா பைஸ், ஏறத்தாழ 80 கி.மீ.; இரு முனையிலும் ரயில் நிலையம் உண்டு. குகைப்பாதை வரும், விளக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆர்தேஷில் டோல்சே வியா, ரோன் ஆற்றிலிருந்து மேலே ஏறுவது. ரயில் ஏறிய சரிவு என்பதால் குழந்தைகளாலும் முடியும். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம்.

கேள்வி: தண்ணீரும் சாப்பாடும்?

எந்தச் சிற்றூரானாலும் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்காகக் குழாய் இருக்கும். "ஓ நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் குடிக்க ஆகாத தண்ணீர். சாப்பாட்டில் ஏமாற்றுவது நேரம்தான். கடைகள் மதியம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூடும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல ஊர்களில் எதுவும் திறக்காது. சனிக்கிழமையே இரண்டு நாளைக்கு ரொட்டி, சீஸ், உலர்பழம் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள்?

ஓட்டிக்கொண்டே கடக்காதீர்கள், வேகத்தைத் தாக்குதலாக நினைக்கும். தூரத்திலேயே இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்து, கத்தாமல், கல்லெடுக்காமல், மந்தையைச் சுற்றி அகலமாக நடந்து போங்கள்.

கேள்வி: அக்டோபரில் காட்டுப் பாதை சரியா?

தரையும் வெயிலும் இதமாக இருக்கும். ஆனால் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக் காலம். "ஷாஸ் ஆன் கூர்" என்று பலகை கண்டால் வேட்டை நடக்கிறது என்று பொருள். வேறு வழியில் போங்கள். பகலிலும் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை போடுங்கள். காட்டு வழியைச் சனி, ஞாயிறில் வைக்காமல் வேலை நாட்களுக்கு மாற்றி, வார இறுதிக்குக் கால்வாயையோ ரயில் தடத்தையோ வைத்துக்கொள்ளுங்கள்.