படகு கேபினில் வெனீர் ஒட்ட எந்தப் பசை? கேள்வி பதில்

கேள்வி: கேபின் தடுப்புச் சுவர் ப்ளைவுட். அதன் மேல் 0.6 மில்லிமீட்டர் தேக்கு வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடு, ஒட்ட வேண்டும். ரப்பர் பசை போதுமா?

பதில்: பின்தாள் இல்லாத வெறும் மர வெனீர் என்றால் வேண்டாம். ஈரக்காற்று பட்டால் அது குறுக்குவாட்டில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ரப்பர் பசை காய்ந்த பிறகும் நெகிழ்ந்து கொடுக்கும் ரகம், அந்த இழுப்பைப் பிடித்து நிறுத்தாது. முதலில் இணைப்புகளில் முடியளவு இடைவெளி தெரியும், அப்புறம் நடுவில் கொப்புளம் எழும். வெயிலில் கேபின் சூடேறினால் பசை இன்னும் இளகும். வார்னிஷில் இருக்கும் கரைப்பான் மரத்துளை வழியே இறங்கியும் அதை இளக்கிவிடும்.

நான் எபாக்சிதான் போடுவேன், இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பசை அது. தேக்கில் எண்ணெய் உண்டு, அதனால் ஒட்டும் பக்கத்தை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். எபாக்சி தண்ணீராக இருந்தால் துளை வழியே மேலே கசிந்து கறையாக நிற்கும். சிலிக்கா தூள் கலந்து கூழ் பதத்துக்குக் கொண்டுவந்து, பல் வைத்த தகட்டால் ப்ளைவுட்டில் மெல்லிசாக இழுங்கள். வெனீர் மேல் பாலிதீன் தாள், அதற்கு மேல் தட்டையான பலகை, எதிர்ச்சுவரிலிருந்து முட்டு. நெரிக்க வேண்டாம், நெரித்தால் பசை முழுவதும் வெளியே போய்விடும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்தம் இருந்தால் போதும். கையுறை கட்டாயம், எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் போகாது.

கேள்வி: வெள்ளைப் பசையை இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு, அயர்ன் பாக்ஸால் தேய்த்து ஒட்டலாமா?

பதில்: வீட்டு அலமாரிக்கு அருமையான முறை. ஆனால் சூட்டில் இளகி ஒட்டும் பசை சூட்டில் இளகிப் பிரியவும் செய்யும், கேபினில் எனக்கு அதுதான் பயம். வெள்ளைப் பசைதான் என்றால் டி3 அல்லது டி4 (தண்ணீர் தாங்கும் தரக் குறியீடுகள்) வகை வாங்கி, ஈரமாக இருக்கும்போதே அழுத்தி ஒட்டுங்கள். டி3 நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்தும், டி4 ஆறு மணி நேரம் கொதிநீரில் வைத்தும் சோதிக்கப்படுகிறது.

கேள்வி: படகின் ஃபைபர் உடலின் உள்பக்கத்தில் நேரடியாக ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பரப்பு சமமாக இருக்காது, குளிரில் வியர்க்கும். சட்டம் அடித்து, மெல்லிய ப்ளைவுட் போட்டு, அதன் மேல் ஒட்டுங்கள்.

கேள்வி: ரப்பர் பசை சுலபமாயிற்றே, அதையே போட்டால்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கூடவே ஒன்று: அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கும். அங்கே சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் சுவிட்சும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பொறி போதும்.

கேள்வி: நான் ரப்பர் பசையில் ஒட்டிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, ஒரு மூலைகூடத் தூக்கவில்லை. ஏன் எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: உங்கள் வெனீருக்குப் பின்னால் தாள் இருந்ததா?

கேள்வி: ஆமாம், பீனாலிக் தாள், பிசின் ஊறிய கெட்டித் தாள்.

பதில்: அதனால்தான் நிற்கிறது. அந்தத் தாள் மரத்தின் அசைவையும் அடக்குகிறது, வார்னிஷ் கரைப்பானையும் தடுக்கிறது. அந்த ரகத்துக்கு ரப்பர் பசை சரி, ஒப்புக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது வெறும் வெனீரில் செய்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

கேள்வி: நடுவில் வருகிறேன். தண்ணீர் சார்ந்த வார்னிஷ் அடித்தால் கரைப்பான் பிரச்சினையே இல்லையே?

பதில்: பெரும்பாலும் இல்லை, நல்ல கேள்வி. ஆனால் சுருங்கி விரியும் பிரச்சினை அப்படியே இருக்கிறது. போதாததற்கு முதல் பூச்சின் தண்ணீரே வெறும் வெனீரை உப்ப வைக்கும். மிக மெல்லிசாகப் பூசுங்கள், முதலில் துண்டு வெனீரில் செய்து பாருங்கள்.

கேள்வி: நுரைக்கும் பாலியூரிதேன் பசை?

பதில்: அழுத்தம் குறைந்த இடத்தில் நுரை வெனீரைத் தூக்கிவிடும். வேண்டாம்.

கேள்வி: கேபினுக்கு எந்த டீசல் ஹீட்டர் நல்லது?

பதில்: அது என் துறை இல்லை, ஹீட்டர் பொருத்துபவரைக் கேளுங்கள். வெனீர் ஒட்டிய சுவருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: ரப்பர் பசை...

பதில்: மூன்றாவது தடவை. பின்தாள் இருந்தால் போடலாம், இல்லையென்றால் எபாக்சி. எதைப் போட்டாலும் எல்லாக் கதவையும் திறந்து வையுங்கள், மின்சாரத்தை அணைத்து வையுங்கள்.

கேள்வி: எபாக்சியில் ஒட்டிய வெனீரில் ஒரு கொப்புளம் வந்துவிட்டது. முழுவதும் பிய்க்கவா?

பதில்: பிய்க்காதீர்கள். புது பிளேடால் மர இழை போகும் திசையிலேயே ஒரு கீறு போட்டு, ஊசிக்குழாயில் எபாக்சி ஏற்றி உள்ளே செலுத்தி, விரலால் பரப்பி, வழிந்ததை உடனே துடைத்துவிட்டு, பாலிதீன் தாள் வைத்து ஓர் இரவு முட்டுக்கொடுங்கள். இழையோடு போன கீறல் வார்னிஷ் அடித்தபின் தேடினால்தான் தெரியும்.