மஸில் காரைக் கொல்வது மைலேஜ் சட்டமா?

“மைலேஜ் விதிகள் இப்படி இறுகிக்கொண்டே போனால் அமெரிக்க மஸில் கார்களுக்கு எதிர்காலம் உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மஸில் கார் என்றால் சாதாரணக் காரில் பெரிய, சக்திவாய்ந்த எஞ்சின் வைத்தது; வி8 என்றால் அதில் வழக்கமாக இருக்கும் 8 சிலிண்டர் எஞ்சின். கார் இருக்கும், சாமானியன் வாங்கும் விலையில் வி8 இருக்காது என்பது என் கணிப்பு. மிச்சிகனில் ஒரு உதிரிபாக நிறுவனத்தில் எஞ்சின் கேலிப்ரேஷன் (எஞ்சின் இயங்கும் விதத்தை அளந்து சரிசெய்யும் வேலை) பார்க்கிறேன். இந்த விதிகளோடுதான் தினசரி மல்லுக்கட்டு என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

‘கஃபே’ (நிறுவனச் சராசரி மைலேஜ்) என்று இங்கே எல்லோரும் சொல்லும் விதி, 1973இல் அரபு நாடுகள் போட்ட எண்ணெய்த் தடையின் பிள்ளை. 1975 டிசம்பரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டார். 1978 மாடல் கார்களுக்கு கேலனுக்கு 18 மைல், 1985 மாடலுக்கு 27.5 மைல் என்று இலக்கு வைத்தார்கள். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 7.6, 11.7 கிலோமீட்டர். இந்த விதி எந்தக் காரையும் தடை செய்வதில்லை. ஒரு நிறுவனம் அந்த வருடம் விற்ற எல்லாக் கார்களுக்கும் சேர்த்துச் சராசரி பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் வினையே அந்தச் சராசரியில்தான். லிட்டருக்கு 8 கி.மீ. ஓடும் ஒரு வி8 காரும், 24 கி.மீ. ஓடும் ஒரு ஹைப்ரிட்டும் விற்றால் சராசரி 16 என்று நினைப்போம். விதி அப்படிக் கூட்டி வகுப்பதில்லை, எரிந்த பெட்ரோலைப் பார்க்கிறது. இரண்டும் ஆளுக்கு 24 கி.மீ. ஓடினால் ஒன்று 3 லிட்டர் குடிக்கும், மற்றது 1 லிட்டர். 48 கி.மீ.க்கு 4 லிட்டர், சராசரி 12! இலக்கு 16 என்றால், அந்த ஒரு வி8 காருக்கு ஈடுகட்ட மூன்று ஹைப்ரிட் விற்க வேண்டும். ஒரு பெருந்தீனிக்காரனுக்காக வீட்டில் மூன்று பேர் அரை வயிறு சாப்பிடும் கதை. எனவே வி8 பிழைக்குமா என்பதை அந்த வி8 தீர்மானிப்பதில்லை. அதே ஷோரூமில் வேறென்ன விற்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

“எழுபதுகளில் மஸில் காரைக் கொன்றதே கஃபேதான்” என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். தேதிகள் பொருந்தவில்லை. விதி நடைமுறைக்கு வந்தது 1978 மாடலில். அதற்குள் சாவே நடந்து முடிந்திருந்தது. இளைஞர்களுக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறியது, புகை விதிகள் வந்தன, ஈயமில்லாத பெட்ரோலுக்காக 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களின் கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றை நசுக்கும் அளவை) குறைத்தது, பிறகு எண்ணெய்த் தடை. 1974 ஃபோர்டு மஸ்டாங்கில் வி8 அறவே கிடையாது. 1975இல் திரும்பி வந்தபோது 5 லிட்டர் எஞ்சினுக்கு அதிகபட்சம் 140 குதிரைத்திறன்தான். (1970இன் 450 குதிரைத்திறன் ஷெவர்லே ஷெவெல்லோடு இதை நேரடியாக ஒப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972 வாக்கில் அளக்கும் முறையே மாறியது. முன்பு எஞ்சினைத் தனியே மேடையில் வைத்து அளந்தார்கள். பிறகு ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாம் மாட்டி அளந்தார்கள். வீழ்ச்சியில் ஒரு பகுதி வெறும் கணக்குதான்.)

விதி அமலில் இருந்த காலத்தில்தான் 1987இன் ப்யூக் கிராண்ட் நேஷனல் வந்தது. டர்போ வைத்த 6 சிலிண்டர், 245 குதிரைத்திறன். 2012இல் ஒபாமா அரசு 2025க்கு 54.5 மைல் இலக்கு அறிவித்தது. மூன்றே வருடத்தில், 2015 மாடலாக 707 குதிரைத்திறனோடு டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் விற்பனைக்கு வந்துவிட்டது. (54.5 என்பது ஆய்வக அளவு. கார் கண்ணாடியில் ஒட்டும் மைலேஜ் அதைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் வரும்.)

அப்படியானால் 2023 டிசம்பரில் டாட்ஜின் சேலஞ்சர், பழைய சார்ஜர், ஷெவர்லேயின் கமேரோ எல்லாம் ஒரே சமயத்தில் ஏன் மூட்டை கட்டின? சேலஞ்சர் 2008இலிருந்து கிட்டத்தட்ட அதே உடம்போடு ஓடிய கார். கமேரோவின் விற்பனை சரிந்திருந்தது. ஆனால் டாட்ஜ் விஷயத்தில் சராசரிக் கணக்கும் கழுத்தை நெரித்தது. தாய் நிறுவனமான ஸ்டெலாண்டிஸ் 2018, 2019 மாடல்களுக்காக மட்டும் 23.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஹெல்கேட்டுக்கு ஈடுகட்டும் அளவுக்கு அவர்களிடம் சிக்கனமான வண்டிகள் விற்கவில்லை. ஃபோர்டிடம் மேவரிக் ஹைப்ரிட், எஃப்-150 ஹைப்ரிட், மின்சார வண்டிகள் இருந்தன. மஸ்டாங்கில் 5 லிட்டர் வி8 இன்றும் 480 குதிரைத்திறனோடு உறுமுவதற்கு அவையும் ஒரு காரணம்.

இதில் எனக்கு எரிச்சலூட்டும் பகுதி ஒன்று உண்டு. கேலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே போகும் காருக்கு ‘கேஸ் கஸ்லர்’ வரி என்று 1978இலேயே சட்டம் போட்டார்கள். இன்று அது 1,000 டாலரில் தொடங்கி 7,700 வரை போகிறது. பிக்கப், எஸ்யூவி ஆகியவற்றுக்கு அந்த வரி கிடையாது. கஃபேயிலும் அவற்றுக்குத் தனி, தளர்வான இலக்கு. விளைவு? டாட்ஜின் ‘ஹெமி’ என்னும் வி8 எஞ்சின் வேண்டுமென்றால் இன்று டாட்ஜ் சார்ஜரில் கிடையாது, மூன்று வரிசை இருக்கை கொண்ட டியூராங்கோ எஸ்யூவியில் கிடைக்கும். அதே ஸ்டெலாண்டிஸின் ராம் 1500 பிக்கப்பில் ஹெமியை எடுத்துவிட்டு, 2026 மாடலில் திரும்பக் கொண்டுவந்து, பக்கவாட்டில் ‘எதிர்ப்புச் சின்னம்’ என்று ஒரு பட்டயமும் குத்தினார்கள். எதை எதிர்த்து என்று கேட்காதீர்கள். எடுத்ததும் அவர்களே.

கேள்வியில் விதிகள் ‘இறுகுவதாக’ச் சொல்கிறீர்கள். இப்போதைக்கு நடப்பது நேர்மாறு. 2024இல் பைடன் அரசு 2031க்குச் சுமார் 50.4 மைல் என்று வைத்த இலக்கை 34.5 ஆக்க 2025 டிசம்பரில் டிரம்ப் அரசு முன்மொழிந்தது. அதற்கு முன்பே, 2025 ஜூலையில் வந்த சட்டம் கஃபே அபராதத்தையே பூஜ்யமாக்கிவிட்டது. இனி வி8 மழைதான் என்று துள்ளுகிறவர்களோடு நான் சேரவில்லை. ஒரு புதிய எஞ்சினுக்குப் பணம் போட்டால் அது பத்துப் பதினைந்து வருடமாவது ஓட வேண்டும். அதற்குள் இங்கே எத்தனை தேர்தல்! ஆகவே இருக்கும் வி8களின் ஆயுள் நீளும். புதிதாக ஒன்று வரைவார்கள் என்றால், அது பிக்கப்புக்காக வரைந்து மிச்சத்துக்குக் காரில் வைப்பதாக இருக்கும்.

மின்சார மஸில் கார் பற்றியும் கேட்பீர்கள். டாட்ஜ் சார்ஜர் டேடோனா 670 குதிரைத்திறன். வேகத்துக்குக் குறையில்லை. ஒலிக்கென்று ஒரு செயற்கைச் சைலன்சரே வைத்தார்கள். வாங்க ஆள் வரவில்லை. குறைந்த சக்தி கொண்ட ஆர்/டி வடிவம் 2026 மாடல் வரிசையில் இல்லவே இல்லை. அதே உடம்பில் 3 லிட்டர் இரட்டை டர்போ 6 சிலிண்டர் வைத்து 420, 550 குதிரைத்திறனில் விற்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மஸ்டாங்கின் 2.3 லிட்டர் 4 சிலிண்டரே 315 குதிரைத்திறன் தருகிறது; மைலேஜ் வி8 மஸ்டாங்கைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சத்தம் சப்பென்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

வி8ஐ உண்மையிலேயே ஒழிக்க வேண்டுமென்றால் எப்படிச் செய்வார்கள் என்பதற்கு பிரான்ஸைப் பாருங்கள். அங்கே சராசரியெல்லாம் பேசாமல் வாங்குபவரிடமே கார்பன் வரி வசூலிக்கிறார்கள். 2025இல் உச்சவரம்பு 70,000 யூரோ. வி8 மஸ்டாங் அந்த உச்சத்தில்தான் விழுகிறது, அதாவது காரின் விலையைவிட வரி அதிகம். அமெரிக்காவில் அப்படி ஒரு வரியை எந்தக் கட்சியும் தொடாது.

விலைதான் மிச்சமிருக்கும் சிக்கல். 1964இல் பாண்டியாக் டெம்பெஸ்ட் வாங்குகிறவர் 300 டாலருக்கும் குறைவாகக் கூடுதலாகக் கொடுத்தால் அது ஜிடிஓ என்ற மஸில் கார் ஆகிவிடும். அதே வருடம் வந்த மஸ்டாங்கின் ஆரம்ப விலை 2,368 டாலர். 2023இன் சேலஞ்சர் டீமன் 170 விலை 96,666 டாலர். வெல்டிங் கடையில் வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் இன்று வி8 வேண்டுமென்றால் பழைய மஸ்டாங் ஜிடி ஒன்றைத்தான் தேட வேண்டும். தேடுபவர்கள் 2018க்குப் பிந்தையதாகப் பாருங்கள். அந்த வருடம் எஞ்சினில், பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் சேர்த்தார்கள், 10 கியர் ஆட்டோமேட்டிக்கும் வந்தது.