பலகையை நிரப்புபவர் யார், பார்ப்பவர் யார்?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்களுடையது ஒன்பது பேர் கொண்ட இணையதள நிறுவனம். மூன்று பேர் இங்கே இருக்கிறோம். மற்றவர்கள் கோவை, தஞ்சாவூர், சென்னையில் அவரவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். வாடிக்கையாளர்கள் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். நிரல்களை கிட்ஹப்பில் வைத்திருக்கிறோம், வேலைப் பட்டியல் எக்செல்லில், பேச்செல்லாம் வாட்ஸ்ஆப்பில். இரண்டு முறை திட்ட மேலாண்மை மென்பொருளைக் கொண்டுவந்து பார்த்தோம். இரண்டு முறையும் ஒரு மாதத்துக்குள் யாரும் அதைத் திறப்பதில்லை. எந்த நேரத்திலும் முப்பது வேலையாவது பாதியில் நிற்கிறது. வாரத்துக்கு ஆறுதான் முடிகிறது. ஜிரா, டிரெல்லோ, ஸோஹோ ஆகியவற்றில் எதை வாங்கலாம்? ஊழியர்களின் கணினித் திரையை அவ்வப்போது படமெடுக்கும் மென்பொருளையும் சேர்த்து வாங்கலாம் என்கிறார் என் பங்குதாரர். அது சரியா?"

மூன்றாவதாக ஒன்றை வாங்கும் முன் முதல் இரண்டும் ஏன் கைவிடப்பட்டன என்று பார்த்துவிட வேண்டும். சோம்பல், பழக்கமின்மை, பயிற்சி போதாமை என்று வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை இவை மூன்றுமே இரண்டாம்பட்சம்தான். அந்த மென்பொருளில் தினமும் தட்டச்சு செய்ய வேண்டியவர் ஒருவர், அதனால் பயன் பெறுபவர் இன்னொருவர். முதல் காரணம் இதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. குழுவாகப் பயன்படுத்தும் மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று கணினி ஆய்வாளர் ஜோனதன் குருடின் 1988இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதில் அவர் சொன்ன முதன்மையான காரணங்களில் ஒன்று இது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நாட்காட்டி மென்பொருள். எல்லோருடைய நாட்காட்டியையும் பார்த்து அதுவே கூட்டத்துக்கு நேரம் குறித்துத் தரும். கூட்டம் கூட்டுபவருக்கு அது பெரிய வசதி. ஆனால் அந்த வசதி கிடைக்க, மற்ற எல்லோரும் தங்கள் நாட்காட்டியை நாள் தவறாமல் நிரப்பி வைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அதனால் நிரப்பமாட்டார்கள்.

உங்கள் குழுவில் நடந்ததும் அநேகமாக இதுவே. தஞ்சாவூரில் இருக்கும் நிரலாளர் நிரலை எழுதி, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் ஏற்றுகிறார். பிறகு, ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டையாகத் தெரியும் பலகை உள்ள வேறொரு தளத்தைத் திறந்து, தன் அட்டையை நகர்த்தி, "முடிந்தது" என்று குறிக்க வேண்டும். அதைச் செய்த பிறகும் நீங்கள் வாட்ஸ்ஆப்பில் "அந்த வேலை என்ன ஆயிற்று?" என்று கேட்கிறீர்கள். அப்படிக் கேட்ட அன்றே அந்தப் பலகை செத்துவிட்டது. அட்டையை நகர்த்தினாலும் கேள்வி வரும், நகர்த்தாவிட்டாலும் கேள்வி வரும் என்றால் அவர் எதற்காக நகர்த்த வேண்டும்?

ஆகவே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை நிரப்புகிறவருக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது என்று கேளுங்கள். மேலாளருக்கு அழகான அறிக்கையும் வண்ண வண்ண வரைபடமும் கிடைப்பது கணக்கில் வராது. வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவர், காலையில் கணினியைத் திறந்ததும், யாரையும் கேட்காமல் தன் அடுத்த வேலை எது, அதற்குத் தேவையானவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள முடிகிறதா? வேலை முடிந்ததை ஒரே இடத்தில் ஒரே முறை சொன்னால் போதுமா? இந்த இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால்தான் அது நிலைக்கும்.

அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு என் பரிந்துரை நீங்கள் கேட்ட மூன்றில் எதுவும் இல்லை. நிரல்கள் ஏற்கெனவே கிட்ஹப்பில் இருப்பதால், அங்கேயே உள்ள இஷ்யூஸ், புராஜெக்ட்ஸ் என்ற இரண்டு வசதிகளைக் கொண்டு தொடங்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இஷ்யூ. அவை எல்லாம் ஒரே பலகையில் அட்டைகளாகத் தெரியும். நிரல் மாற்றத்தை இணைக்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தில் "ஃபிக்ஸஸ்" என்ற ஆங்கிலச் சொல்லையும் இஷ்யூவின் எண்ணையும் எழுதிவிட்டால், அந்த மாற்றம் முதன்மைக் கிளையில், அதாவது நிரலின் மூலப் பிரதியில், இணைந்த உடனே இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். பலகையிலும் அட்டை "முடிந்தவை" பக்கம் போய்விடும். நிரலாளர் தனியாக எதையும் பதிய வேண்டியதில்லை. தன் வேலையைச் செய்வதே பதிவாகிவிடுகிறது. 2020 ஏப்ரல் முதல் கிட்ஹப்பின் இலவசத் திட்டத்திலேயே தனிப்பட்ட களஞ்சியங்களில் (வெளியார் பார்க்க முடியாத நிரல் தொகுப்புகளில்) எத்தனை பேரையும் சேர்க்க முடிகிறது என்பதால் ஆள்கணக்குப் பார்த்துத் தயங்கவும் வேண்டாம்.

வடிவமைப்பாளர்களுக்கு கிட்ஹப் முதலில் அந்நியமாகத் தோன்றும். அவர்களுக்குப் பலகைப் பக்கத்தின் இணைப்பை மட்டும் கொடுத்து, நிரல் பக்கங்களுக்குள் போகவே தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள். ஓர் அட்டையைத் திறப்பது, படத்தை இணைப்பது, கருத்து எழுதுவது ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரலே இல்லாத மொழிபெயர்ப்புக் குழு அல்லது பதிப்பகம் கேட்டிருந்தால் டிரெல்லோவைச் சொல்லியிருப்பேன். 2011இல் வந்தது, 2017இல் ஜிராவின் சொந்தக்கார நிறுவனமான அட்லாசியன் வாங்கிவிட்டது, அரை மணி நேரத்தில் யாரும் பழகிக்கொள்ளலாம். ஆனால் அதன் இலவசத் திட்டத்தில் ஒரு பணியிடத்துக்குப் பத்துப் பேர்தான். நீங்கள் ஏற்கெனவே ஒன்பது பேர், இன்னும் இருவர் சேர்ந்தாலே வரம்பு தாண்டிவிடும். ஜிராவின் இலவச வரம்பும் பத்துப் பேர்தான். அது மிகவும் வலுவான கருவி, ஆனால் அதை ஒழுங்காக வைத்திருக்கவே ஓர் ஆள் வேண்டும். ஒன்பது பேரில் ஒருவரை அதற்கு ஒதுக்க உங்களால் முடியாது. மணிக்கணக்கில் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குபவர்களுக்கு ஸோஹோ புராஜெக்ட்ஸ் பொருந்தும். நேரப் பதிவும், எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று பட்டைகளாகக் காட்டும் கான்ட் வரைபடமும் அதில் உள்ளேயே இருக்கின்றன. தகவல் வெளி நிறுவனத்தின் சர்வரில் இருக்கவே கூடாது என்றால் 2006 முதல் இருந்துவரும் ரெட்மைன் என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. அதை நிறுவிப் பராமரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய விஷயம். பாதியில் நிற்பவை முப்பது, வாரத்துக்கு முடிபவை ஆறு. ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961இல் நிறுவிய ஒரு விதி இருக்கிறது: நடப்பில் உள்ள வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடிபவற்றின் சராசரியால் வகுத்தால், ஒரு வேலை தொடங்கி முடிய சராசரியாக எத்தனை வாரம் ஆகிறது என்பது கிடைக்கும். முப்பதை ஆறால் வகுத்தால் ஐந்து வாரம். டொராண்டோ வாடிக்கையாளர் கேட்ட சிறு திருத்தம் கூட ஐந்து வாரம் கிடக்கிறது என்றால் உங்கள் ஆட்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று பொருளல்ல. ஒரே நேரத்தில் கையில் எடுத்தது அதிகம் என்றுதான் பொருள். இதே ஒன்பது பேர், இதே வேகத்தில், பன்னிரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் இரண்டு வாரமாகிவிடும். நடைமுறையில் வேகமும் கொஞ்சம் கூடும். ஐந்து வேலைக்கு நடுவே தாவித் தாவி, விட்ட இடத்தை நினைவுக்குக் கொண்டுவருவதிலேயே ஒருவருக்கு ஏராளமான நேரம் போய்விடுகிறது.

ஓர் அலுவலகத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் மேசையில் குவிந்த வேலை கண்ணில் படும். ஆளுக்கொரு ஊரில் இருக்கும்போது பாதியில் நிற்கும் வேலைக்கு உருவமே இல்லை. அதை எல்லோர் கண்ணிலும் பட வைப்பதுதான் இந்த மென்பொருளின் தலையாய பயன். டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த, அட்டைகளைக் கொண்டு வேலையின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கான்பான் முறையின் உயிரும் அட்டையில் இல்லை; அட்டைகளின் எண்ணிக்கைக்கு வைத்த வரம்பில் இருக்கிறது. மென்பொருள் உலகம் அட்டையை எடுத்துக்கொண்டு வரம்பை விட்டுவிட்டது என்பது என் நெடுநாள் வருத்தம். கிட்ஹப் பலகையில் ஒவ்வொரு பத்திக்கும் (அட்டைகள் அடுக்கப்படும் செங்குத்து வரிசைக்கும்) வரம்பு எண் குறிக்கலாம். மீறினால் அது தடுக்காது, காட்ட மட்டும் செய்யும். தடுக்க வேண்டியது நீங்கள்தான்.

ஐந்து பத்திகள் போதும்: எடுக்க வேண்டியவை, நடப்பவை, சரிபார்ப்பில், வாடிக்கையாளர் பதிலுக்காக, முடிந்தவை. "நடப்பவை" பத்திக்குப் பன்னிரண்டு என்று வரம்பு வையுங்கள். முப்பதைப் பன்னிரண்டாகக் குறைக்கும் முதல் வாரம் கசக்கும். பதினெட்டு வேலைகளை "எடுக்க வேண்டியவை" பக்கம் திருப்பி அனுப்பி, அவற்றைக் கேட்ட வாடிக்கையாளர்களிடம் நீங்களே பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை ஊழியர்கள் தலையில் கட்டாதீர்கள். "வாடிக்கையாளர் பதிலுக்காக" என்ற பத்தியைக் கட்டாயம் தனியாக வையுங்கள். உங்கள் தொழிலில் பாதி தாமதம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்தப் பத்திக்குப் பொறுப்பு நீங்கள் மட்டுமே.

ஓர் அட்டைக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். இரண்டு பெயர் இருந்தால் அது யாருடையதும் அல்ல. அட்டையில் என்ன எழுத வேண்டும் என்பதும் முக்கியம். "கட்டணப் பக்கத்தைச் சரிசெய்யவும்" என்பது போதாது. "கைபேசியில் கட்டணப் பக்கத்தின் பொத்தான் திரைக்கு வெளியே போகிறது, படம் இணைத்திருக்கிறேன், சிறிய திரை, பெரிய திரை இரண்டிலும் பொத்தான் முழுதாகத் தெரிந்தால் வேலை முடிந்தது" என்று எழுதினால் கோவையில் இருப்பவர் உங்களை அழைக்க வேண்டியதில்லை. எழுத உங்களுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். அவருக்கு அரை நாள் மிச்சமாகும்.

இந்த அரை நாள் டொராண்டோ விஷயத்தில் ஒரு முழு நாளாகவே ஆகிவிடும். கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பத்தரை. நமக்கு மாலை 6 மணி என்றால் அங்கே கோடையில் காலை 8.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் பேசும் நேரத்தை ஆண்டுக்கு இருமுறை திருத்தியாக வேண்டும். "வெள்ளி மாலைக்குள்" என்று வாடிக்கையாளர் எழுதினால் அது அவருடைய மாலை ஐந்து மணி. நமக்கு சனிக்கிழமை அதிகாலை 2.30 அல்லது 3.30. ஆகவே கெடுவை எழுதும்போது இந்திய நேரப்படி நாளையும் மணியையும் குறித்துவிடுங்கள். வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி மாலை ஆறுக்குள் அட்டையில் எழுதப்பட்டு, நீங்கள் அதை அவருக்கு அனுப்பவில்லை என்றால் பதில் அடுத்த நாள் இரவுக்குத் தள்ளிப்போகும்.

வாட்ஸ்ஆப்பை ஒழிக்க முயலாதீர்கள், முடியாது. அங்கே பேசட்டும். ஆனால் எடுத்த முடிவை, எடுத்தவரே, இரண்டு வரியில் அட்டையில் எழுத வேண்டும். குரல் பதிவில் வந்த அறிவுறுத்தலுக்கும் இதுவே விதி. மூன்று வாரத்துக்குப் பிறகு நாற்பது குரல் பதிவுகளுக்குள் அதை யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. உங்களுக்கென்று ஒரு கூடுதல் விதியும் உண்டு, இது எல்லாவற்றிலும் கடினம்: வேலையின் நிலையை வாட்ஸ்ஆப்பில் இனிமேல் கேட்கக் கூடாது. பலகையைப் பாருங்கள். பலகையில் விவரம் போதவில்லை என்றால் அந்த அட்டையிலேயே கேளுங்கள். தொல்லை குறைகிறது என்று ஊழியர்கள் உணர்வதுதான் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும் முதல் ஊதியம். உங்கள் சொந்த வேலைகளும் அதே பலகையில் இருக்கட்டும்.

பழைய எக்செல் கோப்பை அப்படியே ஏற்றாதீர்கள். அதில் பாதி செத்த வேலைகளாக இருக்கும். ஒரே ஒரு வாடிக்கையாளரின் வேலையை மட்டும் எடுத்து இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து, பிறகு மற்றதைச் சேருங்கள். கூட்டங்களில் ஆள் ஆளாக "நேற்று என்ன செய்தீர்கள்" என்று கேட்பதை விட்டு, பலகையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக அட்டைகளைப் பாருங்கள். முடியும் தறுவாயில் உள்ளதை முடிக்க யார் என்ன உதவ வேண்டும் என்பதே பேச்சாக இருக்கட்டும். பதினைந்து நிமிடம் போதும். வாடிக்கையாளர்களைப் பலகைக்குள் சேர்க்க வேண்டாம். வெள்ளிதோறும் அதைப் பார்த்து ஒரு சிறு குறிப்பு எழுதி அனுப்புங்கள்.

திரையைப் படமெடுக்கும் மென்பொருளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அது உங்களுக்குக் காட்டப்போவது ஆள் நாற்காலியில் இருந்தாரா என்பதை மட்டும்தான். முப்பது வேலைகள் ஏன் நிற்கின்றன என்பதற்கு அதில் ஒரு தடயமும் கிடைக்காது. யோசித்துக்கொண்டிருப்பவரின் திரை அசையாமல் இருக்கும். தேவையே இல்லாத வேலையை மும்முரமாகச் செய்பவரின் திரை அசைந்துகொண்டே இருக்கும். தன் வீட்டில் உட்கார்ந்து உங்களுக்காக உழைப்பவரிடம் "உன்னை நம்பவில்லை" என்று மணிக்கொரு முறை சொல்வதற்குச் சமம் அது. அப்படிச் சொல்லிவிட்டு, தடை இருந்தால் மறைக்காமல் பலகையில் எழுதுங்கள் என்று அவரிடமே கேட்க முடியாது. பங்குதாரரின் கவலை நியாயமானது என்றால், அதற்கு விடை வாரந்தோறும் முடிந்த அட்டைகளில் இருக்கிறது. அதை அவருக்குக் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் தொடக்கத்தில் யோசிப்பதில்லை. எந்த நிறுவனத்தின் மென்பொருளானாலும் அது ஒரு நாள் இல்லாமல் போகலாம். லட்சக்கணக்கானோர் நம்பியிருந்த வுண்டர்லிஸ்ட் என்ற வேலைப்பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் வாங்கி 2020 மே மாதத்தில் மூடியது. 2022 ஏப்ரலில் அட்லாசியனில் தவறான ஒரு கட்டளைத் தொகுப்பு ஓடியதால் ஏறத்தாழ 775 வாடிக்கையாளர்களின் ஜிரா உள்ளிட்ட தளங்கள் அழிந்தன. சிலருக்கு அவை திரும்பக் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. கிட்ஹப் பலகையின் அட்டவணையை ஒரு பொத்தானில் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அட்டைகளுக்குள் நடந்த உரையாடல் அதில் வராது. அதற்கு உங்கள் நிரலாளர் ஒருவர் கிட்ஹப்பின் ஏ.பி.ஐ. (வேறொரு நிரல் நேரடியாகத் தகவலைக் கேட்டுப் பெறும் வழி) மூலமாக மாதம் ஒருமுறை எடுத்து வைக்கும் சிறு நிரல் ஒன்றை எழுத வேண்டும். ஒரு பிற்பகல் வேலைதான். அதையே புதிய பலகையின் முதல் அட்டையாகப் போடுங்கள். எடுத்த கோப்பைத் திறந்து பார்த்த பிறகே அட்டையை மூடச் சொல்லுங்கள்.