துரியோதனனும் பொம்மைதான்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 43. ஓசூரில் கம்பெனி வேலை. ராத்திரி 9 மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் மகளோடு உட்கார்ந்து சின்சான் பார்க்கிறார். அவளைவிட இவர்தான் அதிகமாகச் சிரிக்கிறார். பெரியவர்கள் பார்க்கிற பொம்மைப் படமா அது?
— கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகி

பதில்: 'பொம்மைப் படம்' என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. பொம்மை என்றால் பிள்ளைகள் சமாச்சாரம் என்று யார் முடிவு செய்தது? திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தை ஒரு தடவை பார்த்திருந்தாலும் இப்படிக் கேட்கத் தோன்றாது. போர் முடிகிற படுகளத்தன்று மண்ணைக் குழைத்து மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களே துரியோதனன், அவனும் பொம்மைதான். வேஷக்காரர்கள் மேலே ஏறி ஓடுகிற அளவுக்குப் பெரிய பொம்மை. பீமன் அவன் தொடையைப் பிளக்கும்போது கூட்டத்தின் முன்வரிசையில் நிற்பவர்கள் யார்? பேரன் பேத்தி எடுத்தவர்கள். முறமும் துடைப்பமுமாக அடி விழும்போது, பிடித்த பீடை போகட்டும் என்று முதுகைக் காட்டி வாங்கிக்கொள்பவர்களும் அவர்களே. எல்லாம் முடிந்தபின் அந்த உடம்பிலிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் குதிரில் போடுவார்கள். பங்காளியிடம் சொல்ல முடியாதது, மாமியாரிடம் காட்ட முடியாதது, கடன்காரனிடம் விழுங்கியது அத்தனையையும் அந்த மண்ணிடம் இறக்கிவிட்டு வீட்டுக்கு நடப்பார்கள்.

சின்சானில் நேனே என்றொரு சிறுமி வருகிறாளே, அவள் அம்மாவைக் கவனித்திருக்கிறீர்களா? வந்த விருந்தாளியிடம் பல் தெரியச் சிரிப்பாள். கோபம் உச்சிக்கு ஏறியதும் மறைவாகப் போய்ப் பொம்மை முயலை எடுத்து வயிற்றிலேயே குத்துவாள். குழந்தைக்கு அது வேடிக்கை. பெரியவருக்குத் தெரியும், அந்தக் குத்து யாருக்குப் போய்ச் சேர வேண்டியது என்று.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜப்பானிய ஓவியர் யோஷிதோ உசுய் இந்தக் கதையை 1990-ல் வரையத் தொடங்கியபோது அது வந்தது வயது வந்தவர்கள் படிக்கும் வார இதழில். 1992-ல் தொலைக்காட்சிக்குப் போனபின் குழந்தைகள் வந்து இடம் பிடித்தார்கள். முதலில் உட்கார்ந்திருந்தவர் உங்கள் வீட்டுக்காரர். பிற்பாடு வந்தவள் மகள். ரிமோட் யாருக்கு என்ற தகராறு வந்தால் இதைச் சொல்லித் தீர்த்துவையுங்கள். பிள்ளைகள் சின்சானைப் பார்த்து வாய் பேசக் கற்றுக்கொள்கிறார்கள் என்ற குறை நியாயமானதே. 2008-ல் நம் நாட்டில் தடையே விதித்தார்கள், வெட்டி ஒட்டித்தான் திரும்ப விட்டார்கள். நீங்கள் கேட்டது பெரியவர்களைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

மகள் பார்ப்பது 5 வயதுச் சின்சானை. உங்கள் வீட்டுக்காரர் பார்ப்பது அவன் அப்பாவை. டப்பிங்கில் ஹாரி, ஜப்பானில் ஹிரோஷி. 35 வயது. வீட்டுக் கடன் இன்னும் 32 வருடம் பாக்கி. இத்தனை ஆண்டு ஓடியும் அந்த 32 குறையவே இல்லை. மாதத் தவணை கட்டுகிற மனிதனுக்கு இது எப்படி வயிற்றைக் கலக்கிச் சிரிக்க வைக்கும் என்பதைக் கடன் வாங்காதவருக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. கட்டக் கட்ட வட்டிக்கே போகிறது, அசல் அப்படியே நிற்கிறது என்று நம் தெருவில் தினமும் கேட்கிற பேச்சுதானே?

அந்த ஹாரி தினமும் தன் ஊரான கசுகாபேயிலிருந்து டோக்கியோவுக்கு வேலைக்குப் போவது ரயிலில். ரயில் என்றதும் என் பழைய காயம் வலிக்கிறது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியே ஓசூருக்கும் குறும்பாதை ரயில் ஓடிய ஊர்கள் இவை. உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் அந்தப் பாதைகளை மூடினார்கள். தர்மபுரிக்கும் ஓசூருக்கும் பிறகாவது ரயில் வந்தது. கிருஷ்ணகிரி 2004-ல் மாவட்டத் தலைநகரே ஆகிவிட்டது, ஊருக்குள் ஸ்டேஷன் மட்டும் இல்லை. இதை நான் எழுதாத வருடம் கிடையாது, வரும்வரை எழுதுவேன். உங்கள் வீட்டுக்காரர் விடியுமுன் பஸ் ஏறி, சீட் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றபடி ஓசூர் போகிறாரே, அதற்கும் இதற்கும் நேர் சம்பந்தம் இருக்கிறது. நெரிசலில் நசுங்கித் தூங்கும் ஹாரியைத் திரையில் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது.

2001-ல் வந்த சின்சான் திரைப்படம் ஒன்று. ஊரிலுள்ள பெரியவர்கள் அத்தனை பேரையும் ஒரு கூட்டம் பழைய காலத்து வாசனையைக் காட்டி மயக்கிக் குழந்தைகளாக்கிவிடும். ஹாரியும் மயங்கி, பிள்ளையை மறந்து, சிறுவனாகவே இருப்பான். சின்சான் அப்பாவின் ஷூவைக் கழற்றி அவர் மூக்கில் வைப்பான். அவர் கால் நாற்றம் அந்த வீட்டின் ஓயாத கேலி. அந்த நாற்றம் ஏறியதும் வாழ்க்கை முழுக்கத் திரும்பி வரும். அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனது, பெருநகரத்தில் வேலைக்குச் சேர்ந்து தலை குனிந்து மன்னிப்புக் கேட்டது, வெயிலில் அலைந்தது, கல்யாணம், பிள்ளை பிறந்தது, ராத்திரி வீடு திரும்பினால் வாசலில் நிற்கும் முகங்கள். ஒரு வசனம் கிடையாது. கண்ணைத் திறந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுவான். கோடு கோடாக வரைந்த ஒரு மனிதன் அழுததற்கு நான் அழுதேன். மண்ணால் செய்தவனுக்காக அழுகிற ஊரில் பிறந்தவன், எப்படி அழாமல் இருப்பேன்?

இன்று ராத்திரி அவர் வந்து ஷூவைக் கழற்றும்போது மகள் மூக்கைப் பொத்துகிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.