லேஅவுட்டை வெக்டராக எடுக்கும்போது: வாசகர் கேள்வி பதில்

ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த எட்டுப் பக்கச் சிற்றிதழை எஸ்விஜியாக (கோடுகளும் வடிவங்களுமாகச் சேமிக்கும் வெக்டர் கோப்பாக) எக்ஸ்போர்ட் செய்தேன். ஒரு பக்கம் மட்டுமே வந்தது. ஏன்?

நீங்கள் அப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்களோ, அதை மட்டும்தான் ஸ்கிரைபஸ் எஸ்விஜியாக எழுதும். ஒவ்வொரு பக்கமாகப் போய் ஃபைல் மெனு, எக்ஸ்போர்ட், சேவ் ஆஸ் எஸ்விஜி என்று கொடுத்து, 01, 02 என வரிசையாகப் பெயரிட்டுச் சேமியுங்கள். அதே பெட்டியில் படங்களைக் கோப்புக்குள்ளேயே சேர்க்கும் தேர்வு இருக்கும். அதை டிக் செய்யாமல் எஸ்விஜியை மட்டும் ஒருவருக்கு அனுப்பினால், அவருக்குப் படம் இருந்த இடம் காலியாகத்தான் தெரியும். டிக் செய்தால் படத் தரவின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும், பரவாயில்லை. ஆனால் புகைப்படம் எஸ்விஜிக்குள் போனாலும் பிக்சல் பிக்சல்தான், பெரிதாக்கினால் உடையும். கோப்பைச் சுருக்கும் தேர்வைத் தொடாதீர்கள். அது எஸ்விஜிஇசட் கோப்பைத் தரும். சர்வரில் அதற்கான அமைப்பு இல்லாவிட்டால் பிரவுசர் அதைத் திறக்காது.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் எடுத்த பிடிஎஃப்பை இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருளில் திறந்து எஸ்விஜி ஆக்குகிறேன். தமிழ் எழுத்துகள் இடம் மாறி விடுகின்றன. ஃபான்ட் கோளாறா?

ஃபான்டின் மேல் பழி இல்லை. பிடிஎஃப்பில் இருப்பது நீங்கள் தட்டச்சு செய்த வரிசை அல்ல. எந்த உரு (எழுத்தின் வடிவம்) எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற விவரம். ‘மகளோடு’ என்ற சொல்லில் ‘ளோ’வின் இரட்டைக் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ‘ள’வுக்கு முன்னால் நிற்கிறது. இறக்குமதியின்போது அந்த உருக்களை இடமிருந்து வலமாகப் படித்து மறுபடி எழுத்தாக்கினால், கொம்பு முந்தைய ‘க’வோடு ஒட்டிக்கொள்ளும், கிடைப்பது ‘மகேளாடு’. சொல்லின் முதலிலேயே கொம்பு வந்தால் ஒட்ட எழுத்து இல்லாமல் புள்ளி வட்டம் தோன்றும்.

ஆகவே இங்க்ஸ்கேப்பின் இறக்குமதிப் பெட்டியில் பாப்ளர் வழியைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகள் வெறும் வடிவங்களாக வரும், தோற்றம் அப்படியே இருக்கும். பிறகு ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றாலும் இன்டிசைனுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அதுவே சரியான ஒழுங்கு என்பது எங்கள் உறுதியான கருத்து: திருத்தம் எப்போதும் மூலக் கோப்பில்தான்.

இன்டிசைனிலேயே எழுத்துகளை வடிவங்களாக மாற்றும் கிரியேட் அவுட்லைன்ஸ் கட்டளையைக் கொடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். தலைப்பு, லோகோ போன்றவற்றுக்குச் செய்யலாம். முழுப் பத்திகளுக்குச் செய்தால் தானியங்கி புல்லட், வரிசை எண், அடிக்கோடு, பத்திக் கோடு ஆகியவை சத்தமில்லாமல் காணாமல் போகும். எழுத்து மட்டும் மிஞ்சும். முழு ஆவணத்தையும் அவுட்லைன் ஆக்க வேண்டுமானால் முதலில் பிடிஎஃப் எடுத்து, அக்ரோபேட் என்ற பிடிஎஃப் மென்பொருளின் ப்ரீஃப்ளைட்டில் (கோப்புச் சோதனைப் பகுதியில்) ஃபான்ட்களை அவுட்லைனாக மாற்றும் ஃபிக்ஸப்பை (தானியங்கித் திருத்தத்தை) ஓட்டுங்கள். அதையும் ஒரு நகலில்தான் செய்ய வேண்டும். அவுட்லைன் ஆன எழுத்தைத் தேட முடியாது, நகலெடுக்கவும் முடியாது. சிறிய அளவில் திரையில் சற்றுத் தடித்தும் தெரியும்.

லேஅவுட்டிலேயே கொம்பு இடம் மாறியிருந்தால் அது வேறு சிக்கல். இன்டிசைனில் பத்திக்கு, தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசரைப் போடுங்கள். ஸ்கிரைபஸ் 1.4 தமிழைச் சரியாகக் கோக்காது, 1.6க்கு மாறுங்கள்.

ஏ4 எஸ்விஜி இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் 280 மி.மீ. அகலமாகத் திறக்கிறதே?

எஸ்விஜியில் ஒரு பிக்சல் என்பது அங்குலத்தில் 96இல் ஒரு பங்கு. இல்லஸ்ட்ரேட்டர் அதை 72இல் ஒரு பங்காக எடுத்துக்கொள்கிறது. அதனால் 210 × 297 மி.மீ. பக்கம் 280 × 396 ஆகிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 75 சதவீதமாகச் சுருக்குங்கள். கோட்டுத் தடிமனையும் சேர்த்துச் சுருக்கும் தேர்வு டிக் ஆகியிருக்க வேண்டும், இல்லையேல் கோடுகள் மட்டும் தடித்து நிற்கும்.

அச்சுக்கு எஸ்விஜி கொடுத்தால் கறுப்பு எழுத்து நான்கு வண்ணங்களிலும் பிரிகிறது என்கிறார் அச்சகத்தார்.

அவர் சொல்வது சரி. எஸ்விஜி 1.1இன் அடிப்படை வண்ணவெளி எஸ்ஆர்ஜிபி, அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல (ஆர்ஜிபி) வண்ணமுறை. நீங்கள் வைத்த நூறு சதவீதக் கறுப்பு அங்கே ஆர்ஜிபியாக மாறி, அச்சுக்குத் திரும்பும்போது நான்கு மைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடுகள் இம்மி விலகினாலும் 9 பாயின்ட் எழுத்தின் ஓரம் வண்ணம் கசிந்தது போல் மங்கும். தனி மையாக அச்சாகும் ஸ்பாட் வண்ணமும் தங்காது. திரைக்கு எஸ்விஜி, அச்சுக்குப் பிடிஎஃப்/எக்ஸ்-4 (அச்சுக்கென வகுத்த பிடிஎஃப் தரம்) என்று பிரித்து வையுங்கள். அனுப்பும் முன் அக்ரோபேட்டில் மைகளைத் தனித்தனியாகக் காட்டும் அவுட்புட் ப்ரிவியூவைத் திறந்து கறுப்புத் தகட்டை மட்டும் அணையுங்கள். எழுத்து முழுதாக மறைந்தால் கறுப்பு ஒரே மையில் இருக்கிறது. சாம்பல் நிழலாக மிஞ்சினால் கோப்பைத் திருப்பி எடுங்கள்.

இபிஎஸ் (பழைய வெக்டர் கோப்பு வடிவம்) எடுத்தால் நிழல் விழும் இடமெல்லாம் பிக்சலாகிறது.

நிழலுக்கு ஒளிபுகும் தன்மை வேண்டும், இபிஎஸ்ஸில் அதற்கு இடமே இல்லை. அதனால் மென்பொருள் அந்தப் பகுதியைத் தட்டையாக்கிப் படமாக மாற்றுகிறது. நிழலுக்கு அடியில் இருக்கும் எழுத்தும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பிடிஎஃப் 1.4 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பில் எடுங்கள். அச்சகத்தார் இபிஎஸ்தான் வேண்டும் என்று கேட்டால், எழுத்து இருக்கும் லேயரை (அடுக்கை) எல்லாவற்றுக்கும் மேலே நகர்த்திவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.